மலைவழியில் ஒரு தர்ம விசாரம்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி எனப்படும். அந்நிலத்திற்குரிய பெரும்பொழுதாகத் தமிழ் இலக்கண மரபு வகுத்தவை கூதிரும் முன்பனியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களே கூதிர். குளிர்ந்த காற்றும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் கொண்ட பருவம். வடமொழி மரபிலோ ஏறக்குறைய இதே காலம் சரத் ருது. முகில் கலைந்து, ஆறு தெளிந்து, வழி திறக்கும் பருவம். சீதையைத் தேடும் பணி மழைக்காலம் முழுவதும் நின்றிருந்தது. பிரஸ்ரவண மலையில் காத்திருந்த இராமர், சரத் காலம் வந்த பின்னும் சுக்ரீவன் அசையாதிருப்பது கண்டே இலட்சுமணனை அவனிடம் அனுப்பினார். ஒரே பருவத்தைத் தெற்கு மழையின் வாசலாகவும் வடக்கு மழையின் முடிவாகவும் கண்டிருக்கிறது. இரண்டில் எதுவும் பொய்யன்று. அவரவர் தம் தலைக்கு மேலிருந்த வானத்தையே எழுதினர்.

நவி மும்பையின் கோபர்கைரனேயில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று இவ்விரு வானங்களையும் ஒருசேர அறிந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு தலைமுறை வாழ்ந்தபின், கழிமுகத்தைக் கடந்து நவி மும்பையில் குடியேறிய தமிழர் பலர். கோபர்கைரனேக்கு மேற்கே தாணே கழிமுகம். கிழக்கே பார்சிக் குன்றுகள். அக்டோபர் மாதத்தில் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர், மழை தொடங்கிவிட்டது என்பர். இங்கோ குடை பரணுக்குப் போயிருக்கும். மும்பையிலிருந்து தென்மேற்குப் பருவமழை விலகும் இயல்பான நாள் செப்டம்பர் 29 என்று முன்பு கொள்ளப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020ஆம் ஆண்டு அதை அக்டோபர் 8 என்று திருத்தியது. நவராத்திரி, தீபாவளி விடுமுறைகள் அதையொட்டியே வருகின்றன. அந்நாட்களில் தாணே சென்று கஸாரா இரயிலேறி, சஹ்யாத்ரி மலைத்தொடரை நோக்கிப் புறப்படும் குழுக்கள் ஏராளம். கள்சுபாய், ஹரிஷ்சந்திரகட், பன்வேலுக்கு அப்பால் பிரபல்கட் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சிகரம். மழையில் குளித்த புல் இன்னும் பொன்னிறமாகவில்லை. அருவிகள் முற்றும் வற்றவில்லை. மலைக்குச் செல்ல இதைவிட இனிய காலம் இல்லை என்றே எவருக்கும் தோன்றும்.

தோற்றம் முழு உண்மையன்று. பருவமழை விலகுவது வேறு, மழை நிற்பது வேறு. நான்கு மாதங்கள் நனைந்த நிலத்தில் ஈரம் நிறைந்திருக்கிறது; முகில் திரை விலகியதால் நண்பகல் வெயில் தடையின்றி விழுகிறது. மும்பை மக்கள் ‘அக்டோபர் வெயில்’ என்று தனிப்பெயரிட்டு அலுத்துக்கொள்ளும் வெப்பம் அது. சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து, பிற்பகலில் சில மணி நேரத்திற்குள் இடிமுகிலாகத் திரண்டுவிடும். காலையில் கண்ட நீலவானம் மாலைக்குப் பிணை நிற்காது. ஆடியில் மலையேறுபவர் மழை பெய்யும் என்று அறிந்தே செல்கிறார். ஐப்பசியில் செல்பவர் பெய்யாது என்று நம்பிச் செல்கிறார். ஆபத்தின் பெரும்பகுதி அந்த நம்பிக்கையில்தான் குடியிருக்கிறது.

மலைக்குத் தனக்கென்று சில கணக்குகளும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 அல்லது 7 பாகை வெப்பம் குறையும். நனைந்த ஆடையும் வீசும் காற்றும் சேர்ந்தால், அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டிருந்த உடல் உச்சியில் நடுங்கத் தொடங்கும். உடல்வெப்பம் மேலும் தாழும்போது கைகால்களோடு அறிவும் மந்தமாகிறது. எந்தக் கருவியைக்கொண்டு ‘திரும்பலாமா, தொடரலாமா’ என்று முடிவு செய்யவேண்டுமோ, அந்தக் கருவியையே குளிர் முதலில் தாக்குகிறது. ஆகையால் மலையில் முடிவு எடுக்கவேண்டிய நேரம், முடிவு எடுக்கத் தேவையே இல்லை என்று தோன்றும் நேரம்தான். அக்டோபர் இறுதியில் சூரியன் மாலை ஆறு மணியைக் கடந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் வானிலைச் செய்திகள். இவற்றுள் ஒரு தர்மப் பிரச்சினை மறைந்திருக்கிறது.

கோபர்கைரனேயிலிருந்து இரண்டு குழுக்கள் ஒரே ஞாயிறன்று கள்சுபாய்க்குச் செல்வதாகக் கொள்வோம். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம் அது, 1,646 மீட்டர். உச்சியில் தேவியின் சிறு கோயில். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருக்கையில் மேற்கே முகில் கறுக்கிறது. தொலைவில் இடி முழங்குகிறது. முதல் குழுவின் தலைவர், ஏணிகளையும் மின்னலையும் எண்ணித் திரும்பிவிடுகிறார். இரண்டாம் குழுவின் தலைவர், ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தேவியைத் தரிசித்துவிட்டு விரைவாக இறங்கிவிடலாம்’ என்று தொடர்கிறார். முகில் அன்று நாசிக் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஒரு துளியும் விழவில்லை. இரண்டாம் குழு தரிசனமும் புகைப்படங்களுமாக மாலையில் இறங்குகிறது. முதல் குழு இரயிலில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கிறது. “என்ன அண்ணா, சும்மா பயந்துட்டோமே!” என்று ஓர் இளைஞன் தலைவரைக் கேட்கிறான். அவரிடம் விடையில்லை.

இருவரில் யார் சரியாகச் செய்தவர்? ஊர் இரண்டாமவரையே சொல்லும். அதே ஏணியில் மின்னல் இறங்கியிருந்தால் அதே ஊர் முதலாமவரைத் தீர்க்கதரிசி என்று புகழ்ந்திருக்கும். முகில் நாசிக் பக்கம் நகர்ந்ததில் இருவருக்கும் பங்கில்லை. முடிவெடுத்த அந்த நண்பகலில் இருவரும் அறிந்திருந்தவை ஒன்றே. கண்ட முகில் ஒன்றே, கேட்ட இடி ஒன்றே. ஒருவருடைய செயலின் தகுதி அவர் அறிந்ததையும் எண்ணியதையும் பொறுத்ததா, அல்லது பிறகு வானம் செய்ததைப் பொறுத்ததா?

மேலைத் தத்துவத்தில் இக்கேள்வி 1976ஆம் ஆண்டு பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இருவரால் கூர்மையாக எழுப்பப்பட்டது. வண்டியின் தடையைச் சரிபார்க்காமல் ஓட்டும் இருவரில் ஒருவன் முன் குழந்தை ஓடிவருகிறது, மற்றவன் முன் வரவில்லை; அசட்டை ஒன்றே, ஆனால் உலகம் ஒருவனைக் குற்றவாளி என்கிறது, மற்றவனைக் கவனிப்பதே இல்லை. இப்படிப் பழியும் புகழும் தற்செயலின் கையில் சிக்குவது நியாயமா என்பது அவர்களது விசாரம். அவர்கள் இதற்கு எளிய தீர்வு எதையும் கூறவில்லை, கூறாததும் நேர்மையே.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதே இடத்தை வேறு வழியில் அணுகுகிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்று அங்கே எண்ணப்படுகிறது. செயலுக்கு இருப்பிடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள் ஆகிய நான்கு; ஐந்தாவது தெய்வம். தெய்வம் ஐந்தாவதாகவே வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. மலைக்கு வந்தால், முகில் ஐந்தாவது காரணம். மற்ற நான்கும், அதாவது உடலின் வலிமை, முடிவெடுப்பவனின் தெளிவு, கையிலுள்ள உடையும் விளக்கும், நடக்கும் நேரமும் வேகமும், மனிதனிடமே விடப்பட்டுள்ளன. நான்கையும் அசட்டையாக விட்டுவிட்டு ஐந்தாவதின்மேல் பாரத்தைப் போடுவது பக்தியாகத் தோன்றலாம். ஆனால் அதே அத்தியாயம் பின்விளைவையும் இழப்பையும் பிறருக்கு நேரும் துன்பத்தையும் தன் ஆற்றலையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் செயலைத் தாமசத்தில் சேர்க்கிறது. ‘பலனைக் கருதாதே’ என்னும் உபதேசத்தை ‘விளைவைச் சிந்திக்காதே’ என்று பொருள்கொள்வோர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை. பலனில் பற்று வைப்பது வேறு. விளைவை ஆராய்வது வேறு. முன்னது விலக்கத்தக்கது, பின்னது செய்தே தீரவேண்டியது.

இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஒன்று இதற்குள் இருக்கிறது. தகுந்த நேரத்தில் திரும்பியவருக்கு அவர் செய்தது சரி என்பதற்கான சான்று பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. தொடர்ந்து சென்று பிழைத்தவருக்குச் சான்றாகச் சிகரம் இருக்கிறது. தொடர்ந்து சென்று மாண்டவரது தவறுக்குச் சான்றாக மரணம் இருக்கிறது. திரும்பியவருக்கோ நிகழாத ஒன்றுதான் சான்று. நிகழாததை எவரிடமும் காட்ட இயலாது. தடுக்கப்பட்ட விபத்து கணக்கில் ஏறாது. ஆகவே திரும்ப முடிவெடுப்பவர் சிகரத்தை மட்டும் துறப்பதில்லை. ‘நான் செய்தது சரிதான்’ என்று நிரூபிக்கும் வாய்ப்பையும் துறக்கிறார். பலன்களிலெல்லாம் நுட்பமானது இந்த நிரூபணம். பணத்தையும் புகழையும் விட்டவர்கூட இதை விடத் தயங்குவர்.

கூதிர்கால வானம் இத்தயக்கத்தை வளர்க்கவும் செய்கிறது. எல்லை மீறிச் சென்ற ஒன்பது முறையும் முகில் கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பிழையான கணிப்புக்கு வானம் ஒரு பரிசைக் கொடுத்து அனுப்புகிறது. பத்தாம் முறை மலையடிவாரத்தில் நிற்பவர், ஒன்பது முறை தப்பியவர் என்று தம்மை எண்ணுவதில்லை. ஒன்பது முறை சரியாகக் கணித்தவர் என்றே எண்ணுகிறார். அனுபவம் என்று பெயர்பெறும் பலவற்றில் இந்த மயக்கம் கலந்திருக்கிறது. உண்மையான தேர்ச்சி உடையவருக்கும் மலை விலக்களிப்பதில்லை என்பது மற்றொரு வேதனை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் ‘திரௌபதி கா தண்டா’ சிகரத்தில், உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. இறந்தவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் எவரெஸ்ட் ஏறியிருந்தார். இதில் எவர்மீதும் பழி கூறுவது தகாது. ஆயிரம் சரிவுகளை அறிந்தவரும் அன்றைய காலையின் அந்தச் சரிவைப் புதிதாகவே சந்திக்கிறார் என்பது மட்டுமே இங்கே கருதத்தக்கது.

சஹ்யாத்ரியில் இடியோடு முடிந்துவிடும் கூதிர், இமயத்தில் பனியாக மாறுகிறது. வங்கக்கடலில் புயல்கள் பிறக்கும் காலமும் அதுவே. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் அக்டோபர் 14 அன்று பெரும் பனிப்பொழிவாக இறங்கியது. நேபாள மலைப்பயணங்களுக்கு அக்டோபரே சிறந்த மாதம் என்பது நெடுநாளைய வழக்கு. அன்று 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்தோர் ஏராளம். அப்பகுதியில் குறைந்தது 43 பேர் இறந்தனர். நேபாளத்தவர், இந்தியர், இஸ்ரேலியர், கனடா நாட்டவர் எனப் பலரும் அதில் அடக்கம். கணவாயருகே ஒரு சிறு தேநீர்க் குடிசையில் பலர் ஒதுங்கினர். உள்ளேயே ஒடுங்கியிருந்தவர் உண்டு. மேலும் தாமதித்தால் இருட்டிவிடும் என்றஞ்சி இறங்கியவர் உண்டு. இறங்கியவர்களில் சிலர் வெண்பனியில் வழி தெரியாமல் மாண்டனர். கரையில் இருந்தவர்கள் அப்புயலைப் பல நாட்களாக அறிந்திருந்தனர். கணவாயில் இருந்தவர் பலருக்கு அது தெரியாது. எச்சரிக்கை இருந்தது, அது மலையேறவில்லை.

2021 அக்டோபரில் உத்தரகாண்டில் இதன் மறுபக்கம் காணக்கிடைத்தது. அக்டோபர் 17 முதல் 19 வரை அங்கே பருவம் தவறிய பெருமழை பெய்தது. முக்தேஷ்வரில் 24 மணி நேரத்தில் 340.8 மில்லிமீட்டர், 1897ஆம் ஆண்டு முதல் அங்கே வைத்திருக்கும் கணக்கில் அதற்கு இணையில்லை. மழைக்கு முன்னரே வானிலைத் துறை எச்சரித்திருந்தது. பத்ரி, கேதார் உள்ளிட்ட சார்தாம் யாத்திரை நிறுத்தப்பட்டு, யாத்திரிகர்கள் இருக்குமிடத்திலேயே தங்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதே நாட்களில் ஹர்ஸிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாகச் சிட்குல் நோக்கிச் சென்றுகொண்டிருந்த மலையேற்றக் குழு ஒன்று, செய்தி எட்டாத உயரத்தில் பனிப்புயலில் அகப்பட்டுப் பலரை இழந்தது. தடுத்து நிறுத்தப்பட்ட யாத்திரிகர்களில் எத்தனை பேர் அன்று காப்பாற்றப்பட்டனர் என்பதற்குக் கணக்கு ஏதும் கிடையாது. விடுதி அறைகளில் சலிப்போடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிறகு வீடு திரும்பினர்.

தமிழ்நாட்டிலேயே இதற்கொரு தெளிவான உதாரணம் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்த பெருமழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அடுத்த இரண்டு வாரங்களுக்குள், டிசம்பர் 13 அன்று, கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காண ஒவ்வோராண்டும் பக்தர்களில் ஒரு பகுதியினர் மலையேறுவது வழக்கம். அவ்வாண்டு வல்லுநர்கள் மலையின் மண்ணை ஆராய்ந்தபின், தீபப் பணிக்குத் தேவையானோர் மட்டுமே மேலே செல்லலாம், பக்தர்கள் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று.

மலையே சிவமெனக் கருதும் ஒருவருக்கு இது எளிதில் செரிக்கும் முடிவன்று. ‘ஈசன் தன்னைத் தேடி வருபவரை வீழ்த்துவானா?’ என்ற கேள்வி பல உள்ளங்களில் எழுந்திருக்கும். அக்கேள்வியின் பின்னுள்ள அன்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் மலையே இறைவனின் வடிவம் என்று மெய்யாகவே கொள்பவர், நனைந்து நெகிழ்ந்த அதன் மண் சொல்வதையும் அவன் சொல்லாகவே கொள்ளவேண்டும். பாறை பேசும்போது செவியை மூடிக்கொண்டு, மனம் விரும்பியதை மட்டும் அவன் அழைப்பு என்பது பக்தியின் பெயரால் செய்யும் பிடிவாதம். டிசம்பர் 13 மாலை தீபம் ஏற்றப்பட்டது. கீழே நின்றவர்கள் தொழுதனர். மலையேற அனுமதித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ஒன்றும் நிகழாமலும் போயிருக்கலாம். அம்முடிவு சரியென்பதற்கு அன்றும் சான்றில்லை, இன்றும் இல்லை. இருப்பினும் அது சரியான முடிவே.

சில நேரங்களில் சான்று பின்னால் வந்து சேர்வதும் உண்டு. 1996 மே மாதத் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு யோரன் க்ரொப், எவரெஸ்ட் உச்சியை நெருங்கிய நிலையில், நேரமாகிவிட்டது என்பதற்காகத் தனியே திரும்பினார். தம் நாட்டிலிருந்து மிதிவண்டியிலேயே நேபாளம் வந்து சேர்ந்தவர் அவர். அவ்வளவு உழைப்பும் அந்தச் சிறு தூரத்திற்கு முன்னால் நின்றது. ஒரு வாரத்திற்குள், உரிய நேரத்தைக் கடந்தும் ஏறிய குழுக்கள் புயலில் சிக்கி எட்டுப் பேர் மாண்டனர். அதே மாத இறுதிக்குள் க்ரொப் உச்சியையும் அடைந்தார். அவர் பெயர் நினைவில் நிற்பதற்குக் காரணம், பின்னால் நிகழ்ந்தவை அவரது முடிவுக்குப் பொருள் தந்ததுதான். புயல் வராதிருந்தாலும், பிறகு அவர் உச்சியை அடையாதிருந்தாலும், அவர் திரும்பியது அதே அளவுக்குச் சரியானதாகவே இருந்திருக்கும். ஆனால் அவரைப் பற்றி எவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். சான்று தேவையில்லை என்றால் கோழையும் அதையே சொல்வானே? ஒவ்வொரு முகிலுக்கும் அஞ்சி வீட்டிலேயே இருப்பவனும் தன்னை விவேகி என்று அழைத்துக்கொள்ளலாமே? ஆட்சேபம் வலுவானது. காத்திருப்பதெல்லாம் விவேகமாகாது என்பதற்கு இராமாயணமே சாட்சி. மழைக்காலத்தில் இராமர் காத்திருந்தது தர்மம். வழி திறந்த பின்னும் சுக்ரீவன் அரண்மனைச் சுகத்தில் காத்திருந்தது பிழை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அசையாமல் இருத்தலே. வேறுபாடு எங்கே இருக்கிறது? இராமர் காத்திருக்கையில் பணியை மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்தார். சுக்ரீவன் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அஞ்சுபவன் ஒரு முகிலைக் கண்டதும் அதை ஆராயாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். துணிச்சல்காரனும் அதையேதான் வேறு காரணத்திற்காகச் செய்கிறான். இருவருக்கும் முகில் வேண்டாத விருந்தாளி. விவேகி மட்டுமே அதை உற்றுப் பார்க்கிறான்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடிகள், காற்று எத்திசை, ஏணிக்கு இன்னும் எவ்வளவு தொலைவு. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது ஒலியின் கணக்கு. அரை நிமிடத்திற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. ஏணியையும் உச்சியையும் தனிமரத்தையும் விட்டு விலகவேண்டிய நேரம் அது. இவ்வளவும் பார்த்தபின் ஏறுவதும் திரும்புவதும் விவேகமாகலாம். பாராமல் செய்வது எதுவானாலும் ஆகாது.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பது மன்னனை முன்னிட்டே. மலையேறும் ஒரு குழுவுக்கும் அவை பொருந்தும். அவற்றுள் வலியறிதலைப் பலரும் தம் வலிமையை மட்டும் அறிவதாகச் சுருக்கிக்கொள்கின்றனர். தன் வலியோடு துணை நிற்போரின் வலியையும் எடைபோட வேண்டும் என்பதையும் அவ்வதிகாரம் உள்ளடக்கியது. மலைவழியில் இதுவே மிக எளிதாக மறக்கப்படுகிறது. தனி ஒருவர் தம் உயிரைப் பணயம் வைப்பதைப் பற்றி வாதிடலாம். ஆனால் தலைவர் ‘தொடர்வோம்’ என்று சொல்லும்போது அவர் பணயம் வைப்பது பின்னால் மூச்சிரைக்க வரும் பதினாறு வயதுப் பையனின் உயிரையும்தான். அவன் மறுத்துப் பேசமாட்டான். நண்பர்கள் முன் வெட்கம். இமயத்தில் கூலிக்குச் சுமை தூக்கி வருபவரும் மறுத்துப் பேசமாட்டார். அன்றைய ஊதியமும் அடுத்த பருவத்து வேலையும் அந்த ‘ஆம்’ என்ற சொல்லில் தொங்குகின்றன. கணவாயில் பனி இறங்கும்போது மெல்லிய சட்டையோடு நிற்பவர் பெரும்பாலும் அவரே. பிறருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் உரிமை சிகர ஆர்வத்திற்கு எங்கிருந்து வந்தது? துணிவு என்று போற்றப்படுபவற்றில் ஒரு பகுதி, பிறர் செலவில் நடைபெறும் துணிவு. இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம்; மென்மையாகச் சொல்ல வழியில்லை.

ஆகவே திரும்பும் நேரத்தை உச்சியின் அருகில் நின்று தீர்மானிக்காமல், முதல்நாள் இரவே, உடலும் மனமும் சமநிலையில் இருக்கையில், எல்லோரும் கேட்கத் தீர்மானிப்பது மலையேறுவோரின் நல்வழக்கு. ‘பிற்பகல் ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்’ என்று முன்கூட்டியே கூறிவிட்டால், மறுநாள் தளர்ந்து நிற்பவன் வெட்கப்பட்டு வாய் திறக்க வேண்டியதில்லை. விரதத்தை முன்னரே சங்கல்பம் செய்துகொள்வதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை. ஆசை எழுந்தபின் ஆசையைக் கேட்டு முடிவு செய்தால் அது என்ன விடை சொல்லும் என்பது தெரிந்ததே.

வனபர்வத்தில் பாண்டவர் கந்தமாதன மலை ஏறும் பகுதி இக்கோணத்தில் மீண்டும் படிக்கத்தக்கது. ஏற்றம் தொடங்கும் முன்பே தருமர் பீமனிடம் ஒரு யோசனை கூறுகிறார்: இவ்வழி கடினமானது, திரௌபதியையும் சகாதேவனையும் தௌமியரையும் அழைத்துக்கொண்டு நீ திரும்பிச் சென்று கங்காத்துவாரத்தில் காத்திரு, நகுலனோடும் லோமச முனிவரோடும் நான் மட்டும் மேலே செல்கிறேன். பீமன் ஏற்கவில்லை. திரௌபதி அர்ஜுனனைக் காணத் துடிக்கிறாள், நடக்க இயலாத இடத்தில் நான் சுமப்பேன் என்கிறான். திரௌபதியும் தன்னால் வரமுடியும் என்கிறாள். அன்பினால் சொன்ன சொற்கள். தருமர் இணங்குகிறார், பணியாளரையும் சுமைகளையும் அடிவாரத்தில் புலிந்த மன்னனிடம் விட்டுவிட்டு ஏறுகின்றனர்.

மலையில் அவர்கள் எதிர்பாராத சூறாவளி எழுகிறது. புழுதியில் ஒருவரையொருவர் காண இயலவில்லை, பிறகு பெருமழை. பத்தாயிரம் யானை பலம் கொண்டவன் என்று புகழப்பட்ட பீமன் அக்காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. திரௌபதியைப் பற்றிக்கொண்டு ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறான். தருமரும் தௌமியரும் அடர்காட்டில் பதுங்குகின்றனர். சகாதேவன் வேள்வித் தீயைக் கையிலேந்தியபடி மலைப்பாறையை அண்டுகிறான். நகுலனும் லோமசரும் ஏனையோரும் மரங்களின் அடியில் சுருண்டு கிடக்கின்றனர். பாரதத்தின் மாபெரும் வீரர்கள் செய்தது அவ்வளவே, ஓயும்வரை காத்திருந்தனர்.

மழை நின்று வெயில் வந்தபின் மீண்டும் நடக்கத் தொடங்கினர். அதிக தூரம் செல்லவில்லை. களைத்துப்போன திரௌபதி கால்கள் துவண்டு விழுந்தாள். நகுலன் ஓடிவந்து தாங்கினான். தருமர் அவள் தலையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அவர் புலம்பியது சூறாவளியைப் பற்றியன்று. சூதாடி அவளை இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்தவன் தானே என்பதைச் சொல்லியே அவர் அழுதார்.